ஞாயித்துக்கிழமை வர்றதுக்கு முன்னாடி



சென்னைக்குள்ள இருந்து படிக்கிற நண்பர்கள் அடிக்கடி கேக்கறது ஒண்ணு இருக்கு. "ஐயா, சனி ஞாயிறு லீவு வருது, உங்க பக்கம் வந்தா பார்க்க என்ன இருக்கு?" பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்னா அவங்க கண்ணுக்குத் தெரியறது பை-பாஸ் ரோடு, கம்பெனி கேட்டு, மெட்ரோ தூண், அப்பார்ட்மெண்ட் விளம்பரம். தப்பு சொல்ல முடியாது. ரோட்டுல போறவங்களுக்கு ரோடுதான் தெரியும்.

பார்க்க என்ன இருக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி, எங்க பக்கத்து ஜனங்க அந்தக் காலத்துல எப்போ ஓய்வு எடுத்தாங்க, எங்கே போனாங்க, என்ன பார்த்தாங்கன்னு சொல்லணும். ஏன்னா இந்த "சனி ஞாயிறு" அப்படிங்கறதே எங்க ஊருக்குப் பிற்பாடு வந்த சமாச்சாரம்.

உழவனுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. மாட்டுக்குத் தண்ணி காட்டறதும், கீரைப் பாத்திக்கு மடை திருப்பறதும் கிழமை பார்த்து நடக்காது. எங்க அப்பா காலம் வரைக்கும் எங்களுக்கு லீவுன்னா அது அமாவாசை. அன்னிக்கு ஏர் பூட்ட மாட்டாங்க. மனுஷனுக்கு இல்லேன்னாலும் மாட்டுக்கு ஓய்வு கட்டாயம். அதே மாதிரி பௌர்ணமின்னா நிலா வெளிச்சம், ராத்திரியில வண்டி கட்டிப் போகலாம். அறுவடை முடிஞ்சு களம் காலியாச்சுன்னா கூத்து. இவ்வளவுதான் எங்க காலண்டர். நிலாவும் நெல்லும் சேர்ந்து போட்டுக் கொடுத்தது.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில வந்தா இன்னைக்கும் ஒரு வழக்கம் இருக்கு. காலையில மேலூர் திருவுடை அம்மன், மத்தியானம் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடை அம்மன். ஒரே நாள்ல மூணு அம்மனையும் பார்த்து முடிச்சுடணும். இப்போ கார்லயும் வேன்லயும் போறாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, கட்டுச்சோறு மூட்டையும் பிள்ளைங்களுமா கிளம்பி, வழியில நாலு ஊரைப் பார்த்து, தெரிஞ்சவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுந்து வர்றது பக்தி மட்டுமா? நீங்க இப்போ அவுட்டிங்னு சொல்றது எதுவோ, அதுதான் அது.

அந்தத் திருமுல்லைவாயில் கோயில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல இருக்கு. சுந்தரர் பாடின தலம். ஊர்க் கதை இப்படி: தொண்டைமான் ராஜா குறும்பர்களோட சண்டைக்குப் போனான். அவன் ஏறி வந்த யானையோட காலை முல்லைக்கொடி சுத்திக்கிச்சு. வாளால வெட்டினான். கொடிக்கு அடியில இருந்து ரத்தம் வந்தது, பார்த்தா லிங்கம். கலங்கிப் போன ராஜாவுக்கு சாமி நந்தியைத் துணைக்கு அனுப்பினார். ஜெயிச்சு வந்தவன் கோயில் கட்டி, குறும்பர் கோட்டையில இருந்து கொண்டுவந்த ரெண்டு வெள்ளெருக்குத் தூணைச் சன்னதி முன்னாடி நிறுத்தினான். வெட்டுப்பட்ட லிங்கம்கறதால மேல எப்பவும் சந்தனக்காப்பு. வருஷத்துல ஒரு தரம், சித்திரையிலதான் களைவாங்க. பொதுவா கோயில்ல நந்தி சாமியைப் பார்த்துப் படுத்திருக்கும். இங்கே சாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்திருக்கும். சண்டைக்குப் புறப்பட்ட நந்தி. எருக்கஞ்செடி தூண் பருமனுக்கு வளருமான்னு கேட்டா, விவசாயி நான் என்ன சொல்ல? போய்ப் பாருங்க, தொட்டுப் பார்க்கற தூரத்துலதான் இருக்கு.

பூந்தமல்லியோட சரியான பேரு பூவிருந்தவல்லி. பேர்லயே பூ. திருக்கச்சி நம்பிகள் 11ம் நூற்றாண்டுல இங்கே பொறந்தவர். பூந்தோட்டம் வெச்சு, பூ கட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பெருமாளுக்கு விசிறி வீசற வேலை அவருக்கு. ஸ்ரீபெரும்புதூர்ல பொறந்த ராமானுஜர் இவரைக் குருவா மதிச்சார்னு சொல்வாங்க. ஊரு எங்கேன்னு கவனிங்க. பூந்தமல்லி, திருமழிசை, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம். இன்னைக்கு லாரி போற பெங்களூர் ரோடேதான். அந்தப் பக்கம் அவர் பூக்கூடையோட நடந்தார். நடுவுல இருக்கற திருமழிசை, ஆழ்வார் பொறந்த ஊரு. அந்த ஆழ்வாரைத் தூக்கி வளர்த்தது பிரம்பு வெட்டிக் கூடை முடையற குடும்பம்னு கதை. பூக்காரர் ஒருத்தர், கூடைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தர். எங்க பக்கத்துப் பெரியவங்க எல்லாம் இப்படி வேலை செஞ்ச கையோட வந்தவங்க.

எல்லாருமே சாதுன்னு நினைக்காதீங்க. திருவேற்காட்டுல மூர்க்க நாயனார்னு ஒருத்தர். அறுபத்து மூணு பேர்ல ஒருத்தர். அவர் தொழில் சூதாட்டம்! அடியாருக்குச் சோறு போட்டே சொத்து கரைஞ்சு போச்சு, அதுக்கப்புறம் சூதாடி ஜெயிச்ச காசுல சோறு போட்டார். ஆட்டத்துல ஏமாத்தினா உடைவாளை உருவிடுவார், அதான் மூர்க்கர். இதைப் பெரியபுராணத்துல எழுதி வெச்ச சேக்கிழாரும் பக்கத்துல குன்றத்தூர்க்காரர். திருநின்றவூர்ல பூசலார் கதை அதுக்கு நேர் எதிர். கையில காசே இல்லாம, மனசுக்குள்ளேயே செங்கல் செங்கலா கோயில் கட்டி முடிச்சவர். காஞ்சியில பல்லவ ராஜா கட்டின கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வெச்ச அதே நாள்ல இவரும் வெச்சார். "நான் அங்கே போறேன், உன் நாளை மாத்திக்கோ"ன்னு சாமி ராஜாகிட்ட சொன்னாராம். அதனாலதான் அங்கே சாமிக்கு இருதயாலீஸ்வரர்னு பேரு.

சென்னைக்காரங்க ஆகஸ்ட் 22ம் தேதி மெட்ராஸ் டே கொண்டாடறீங்க. 1639ல கடலோரத்து மணல் திட்டு இங்கிலீஷ்காரன் கைக்குப் போச்சு இல்லையா, அந்தப் பேச்சுவார்த்தையில முக்கியமான ஆளு ஐயப்ப நாயக்கர். இடம் கொடுத்த தமர்ல வெங்கடாத்ரி நாயக்கரோட கூடப் பொறந்தவர். அவர் இருந்த இடம் பூந்தமல்லி. இவங்க அப்பா சென்னப்ப நாயக்கர் பேர்லதான் சென்னப்பட்டினம். அதனால, எங்களைப் புறநகர்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை: பூந்தமல்லியில உக்காந்துகிட்டு கடற்கரையைப் பேசி முடிச்ச காலத்துல நீங்கதான் எங்களுக்குப் புறநகர்!

சரி, கூத்துக்கு வர்றேன். நான் எழுத வந்ததே அதுக்குத்தான்.

எங்க பக்கத்துல நிறைய ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் இருக்கு. தர்மராஜா கோயில்னும் சொல்வோம். பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் ஒவ்வொரு ஊரா பாரதம் நடக்கும். பகல்ல பிரசங்கியார் வில்லிபாரதத்தை வெச்சுக் கதை சொல்வார். ராத்திரி பத்து மணிக்கு மேல கூத்து. மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியப் பெட்டி. முதல்ல கட்டியங்காரன் வந்து சிரிக்க வெப்பான். அப்புறம் திரைக்குப் பின்னாடி இருந்து ராஜா குரல் கேக்கும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கனமே இல்லாத கல்யாணமுருங்கை மரத்துல செதுக்கினது. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டி, அரிதாரம் பூசி வந்து நின்னா, காலையில நம்மகூட நாத்து பறிச்ச ஆளுதான் துரியோதனன்னு சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க.

இது ஒரு ராத்திரி சமாச்சாரம் இல்ல. பத்து ராத்திரி, சில ஊர்ல பதினெட்டு. பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோற வண்டி ஊரைச் சுத்தும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டு, வேஷக்காரர் பாடிக்கிட்டே உச்சிக்கு ஏறுவார். மேல இருந்து அவர் போடற எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை இல்லாத பொண்ணுங்க கீழே முந்தானை ஏந்தி நிப்பாங்க. துகிலுரிதல் அன்னிக்கு எங்க பாட்டி வயசுக்காரங்க எழுந்து நின்னு துச்சாதனனைத் திட்டுவாங்க. கடைசி நாள் படுகளம். திடல்ல துரியோதனனை மண்ணுல படுத்தாப்புல பண்ணி வெப்பாங்க. பொம்மைன்னு நினைக்காதீங்க, எங்க ஊர்ல அது ஒரு வீட்டு மனை அளவுக்கு இருக்கும். பீமன் அதைச் சுத்திச் சுத்தி வந்து தொடையில அடிப்பான். அங்கேதான் பாஞ்சாலி கூந்தல் முடியணும். அன்னிக்குச் சாயங்காலம் தீமிதி.

பத்து நாள் விடிய விடிய முழிச்சுட்டு மறுநாள் வேலைக்கு எப்படிப் போனாங்கன்னு கேக்கலாம். போகல, அதான் விஷயம். களம் காலி, ஏரியில தண்ணி வத்தியாச்சு, வேலை கம்மி. கூத்து அந்த இடைவெளிக்குன்னே செஞ்ச கலை.

அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தது. முதல்ல ரயில். 1856 ஜூலை 1ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கிலோமீட்டர், தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ஓடினது எங்க அம்பத்தூர், ஆவடி வழியாத்தான். நிலா பார்த்து நடந்த ஊருக்குக் கடிகாரம் பார்த்து நடக்கற வண்டி வந்துச்சு.

வாராந்திர லீவு சும்மா வரலை. பம்பாய் மில்லுல நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடி, 1890 ஜூன் 10ம் தேதிதான் தொழிலாளிக்கு ஞாயித்துக்கிழமை லீவு வாங்கிக் கொடுத்தார். சுதந்திரத்துக்கு அப்புறம் 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்தோட முதல் நாள் விடுமுறைன்னு எழுதியே வெச்சுது. அதுக்கு அடுத்த வருஷம், 1949ல அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள் கம்பெனி. 1955 ஜனவரியில ஆவடியில காங்கிரஸ் மாநாடு. காமராஜர் முதலமைச்சர், தேபர் தலைவர், நேரு வந்திருந்தார். சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டது அங்கேதான். 1961ல ஆவடி டாங்கித் தொழிற்சாலை, 1964ல அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஒரு தலைமுறைக்குள்ள எங்க பக்கத்துப் பிள்ளைங்க வரப்புல இருந்து இறங்கி சங்கு சத்தத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க.

நான் அதைக் குறை சொல்லலை. சம்பளம் வந்துச்சு, கூரை வீடு ஓட்டு வீடாச்சு. வாரத்துல ஒரு நாள் நம்ம நாள்னு சட்டம் சொன்னது சின்ன விஷயம் இல்ல. அந்த ஒரு நாளுக்குப் புது சந்தோஷமும் வந்துச்சு. சைக்கிள்ல டபுள்ஸ், டூரிங் கொட்டாய்ல மணலைக் குமிச்சு உக்காந்து படம், திருவேற்காட்டு கருமாரி அம்மன் கோயிலுக்கு ஞாயித்துக்கிழமை கூட்டம், ஆடி ஞாயிறு கூழ் வார்த்தல், பம்பை உடுக்கை. ஆடி மாசத் திருவிழா எங்க பக்கம் ஞாயித்துக்கிழமைல போய் நின்னதே தொழிற்சாலை லீவால தோதுப்பட்டதுதான்னு எனக்குத் தோணும்.

ஆனா பத்து ராத்திரிக் கூத்து ஒரு நாள் லீவுக்குள்ள அடங்கலை. ராத்திரி ஷிப்டு போறவன் எப்படி வருவான்? காலையில ஏழு மணி பஸ் பிடிக்கறவன் எப்படி முழிப்பான்? பதினெட்டு பத்தாச்சு, பத்து அஞ்சாச்சு.

போன மாசம் எங்க ஊர் கோயில்ல கூட்டம் போட்டோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் போற பசங்க சொன்னாங்க: "சித்தப்பா, வெள்ளி சனி ராத்திரி கூத்து, ஞாயிறு காலையில படுகளம், சாயங்காலம் தீமிதி. அதுக்கு மேல எங்களால முடியாது. ஆனா இதுக்குச் செலவு பூரா நாங்க பார்த்துக்கறோம்." பெரியவங்க சில பேருக்குக் கோவம். பகாசுரன் இல்லாம பாரதமான்னு ஒருத்தர் எழுந்து போயிட்டார். நான் பசங்க பக்கம்தான் பேசினேன். கூத்து எப்பவும் ஜனங்களோட ஓய்வைப் பார்த்துத்தான் நடந்திருக்கு. அன்னிக்கு ஓய்வு அறுவடைக்கு அப்புறம், இன்னைக்கு சனிக்கிழமை ராத்திரி. விடிய விடிய முழிச்சா மறுநாள் தூங்கலாம். கூத்துக்கு இதை விடத் தோதான நாள் உண்டா?

நேரத்தைச் சுருக்கலாம். என் கவலை இடத்தைப் பத்தி. படுகளம் நடக்கற திடல் கோயில் பேர்ல இல்ல. தலைமுறை தலைமுறையா ஒரு குடும்பத்தோட நிலம், அறுவடை முடிஞ்சதும் ஊருக்கு விட்டுடுவாங்க, யாரும் பத்திரம் கேட்டதில்ல. இப்போ கை மாறிப் போச்சு. தை மாசம் கல் நட்டுட்டாங்க. எங்களுக்குத் திடல், வாங்கினவங்களுக்கு ரெண்டே கால் கிரவுண்டு. இந்த வருஷம் நடத்திக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் துரியோதனனை எங்கே படுக்க வெக்கறது? சிமெண்ட் ரோட்டுல மண் குமிக்கலாம். ஆனா தீமிதிக்குக் குழி தோண்ட முடியுமா?

அடுத்த வாரம் அவங்களைப் பார்க்கப் போறோம். நான் சொல்லப் போறது பெங்களூர் கதை. அங்கே நடு ஊர்ல தர்மராயசுவாமி கோயில் கரகம், சித்ரா பௌர்ணமி ராத்திரி. எங்க திரௌபதிதான் அங்கேயும். நடத்தறவங்க திகளர்கள், தோட்டக்காரங்க, அவங்க பூர்வீகம் தமிழ்ப் பக்கம்னு சொல்வாங்க. அவங்களோட சடங்கு நடந்த சம்பங்கி ஏரியைத் தூர்த்து கண்டீரவா ஸ்டேடியம் கட்டிட்டாங்க. ஆனாலும் ஒரு மூலையில கொஞ்சம் தண்ணியை விட்டு வெச்சாங்க. இன்னைக்கும் கரகத்துக்கு அந்த மூலைதான். பூரா ஏரி போனாலும் ஒரு மூலை மிச்சம் இருந்ததால கரகம் மிச்சம் இருக்கு. சிங்கப்பூர்ல சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்ல, அவ்வளவு விலை போற மண்ணுல, தீபாவளிக்கு முன்னாடி திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்குது. அங்கே முடியும்போது திருமழிசைப் பக்கம் முடியாதா? எங்களுக்கு ஒரு மனை போதும். பசங்க அதுக்கும் பணம் பிரிக்கத் தயார். விலை சொல்லணுமே, அதான்.

உங்ககிட்ட இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. மனை போட்ட இடத்துல நாளைக்கு வீடு கட்டி வரப்போறது நீங்க, இல்ல உங்களை மாதிரி ஒருத்தர். பக்கத்துல காலி மனை ஒண்ணு இருந்தா ஏன் இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். வருஷத்துல மூணு ராத்திரி மத்தளச் சத்தம் கேட்டா போலீசுக்குப் போன் பண்ணாம, ஒரு பாயை எடுத்துட்டு வந்து உக்காரணும். 2007ல சென்னை சங்கமம் ஆரம்பிச்சப்போ பார்க்குல கூத்து பார்த்து ரசிச்சீங்க. 2023ல மறுபடி நடந்தப்பவும் கூட்டம் கூட்டமா வந்தீங்க. நல்லதுதான், கலைஞருக்கு நாலு காசு. ஆனா அங்கே பார்த்தது ஒரு மணி நேரம். விடியக்காலம் நாலு மணிக்குக் கர்ணன் சாகற கட்டத்துல, பனி இறங்கி, தூக்கம் கண்ணை அழுத்தி, மத்தளம் மட்டும் நெஞ்சுக்குள்ள கேக்கும் பாருங்க, அதைப் பார்க்குல கொண்டுவந்து வெக்க முடியாது.

கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேன். சனிக்கிழமை சாயங்காலம் திருமுல்லைவாயில்ல நந்தியைப் பாருங்க. போற வழியில ஆவடி பருத்திப்பட்டு ஏரி, கரை கட்டி நடைபாதை போட்டிருக்காங்க, காத்து வரும். ராத்திரி பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவுல எந்த ஊர்ல கூத்துன்னு டீக்கடையில கேளுங்க. போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. சாப்பிட்டுட்டுப் போங்க, போர்வை எடுத்துக்கோங்க, முன்னாடி உக்காராதீங்க, கட்டியங்காரன் வம்புக்கு இழுப்பான்! வாத்தியார் கையில ஒரு நூறு ரூபா கொடுத்தா உங்க பேரைச் சொல்லிப் பாடுவார். ஞாயித்துக்கிழமை காலையில செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில நின்னு சூரியனைப் பாருங்க. 2015 டிசம்பர்ல நீங்க எல்லாம் பேரைக் கேட்டுப் பயந்த அதே ஏரி. அது கொள்ளறது 3,645 மில்லியன் கன அடி. நீங்க குடிக்கறதும் அதுல இருந்துதான், முன்னே எங்க நெல் குடிச்சதும் அதுல இருந்துதான்.

எங்க ஊர்ல படுகளம் சித்திரை கடைசி ஞாயித்துக்கிழமை காலையில. வர்றவங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க, கூழும் முருங்கைக்கீரையும் எங்க வீட்டுல. மண்ணு சுமக்க ஆள் வேணும், சனிக்கிழமை மத்தியானமே வந்தா இன்னும் நல்லது.